பழைய கதிரியக்கப் பாத்திரங்கள்: சேகரிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் அமெரிக்கப் பழம்பொருள் சந்தை ஒன்றில், ஆரஞ்சுச் சிவப்புத் தட்டின்மீது புறஊதா டார்ச்சை அடித்துப் பார்த்த இளைஞர் ஒருவர், "ஒளிரவில்லை, சாப்பிடவே எடுத்துக்கொள்ளலாம்" என்று தம் மனைவியிடம் சொன்னார். நான் தொடங்கிய காலத்தில் இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன் என்பதால், தயங்காமல் குறுக்கிட்டேன்.

புறஊதா விளக்கை மட்டும் நம்புவது

நிறத்துக்காக யுரேனியம் சேர்த்த பழைய கண்ணாடி புறஊதா ஒளியில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். ஆனால் அந்தச் சோதனை கண்ணாடிக்கு உரியது. பீங்கானின் மேற்பூச்சான சிவப்பு மெருகில் யுரேனியம் வேறு வேதி வடிவில் இருப்பதால் விளக்குக்கு எதுவும் தெரியாது. மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல்லில் ஹோமர் லாஃப்லின் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ஃபியஸ்டா என்ற பாத்திர வரிசையின் சிவப்புத் தட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவையே. போர்க்காலத்தில் யுரேனியம் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போனதால் நின்றுபோன அந்த நிறம், 1959இல், யுரேனியம்-235 பெரும்பாலும் நீக்கப்பட்ட யுரேனியத்துடன் திரும்பி வந்தது.

நான் வாங்கியது முத்திரையே இல்லாத ஒரு சிவப்புக் கிண்ணம். டார்ச் வெளிச்சத்தில் அது இருண்டே இருந்தது. அந்த நம்பிக்கையில் எலுமிச்சை ஊறுகாயை அதில் மூன்று வாரம் வைத்திருந்தேன். பிறகு நண்பர் ஒருவர் கதிர்வீச்சைக் காட்டும் தம் கைகர் கருவியை அருகில் கொண்டுவந்தபோது, விட்டுவிட்டுக் கேட்ட டிக் ஒலி ஒரே இரைச்சலாக மாறியது. கிண்ணத்தைக் கழுவிப் பார்த்தேன்: ஊறுகாய் நின்ற மட்டம் வரை மெருகு பளபளப்பிழந்து மங்கியிருந்தது, அதற்குமேல் புதிதுபோல் மின்னியது. புளிப்பு மெருகை அரிக்கும்போது யுரேனியமும், பல பழைய மெருகுகளில் உள்ள ஈயமும் உணவில் இறங்குகின்றன. உண்ட யுரேனியம் கதிர்வீச்சைக் காட்டிலும் வேதி நச்சாகவே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. வீட்டில் குழந்தைகளும் அந்த ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சிவப்பை மட்டும் சந்தேகிப்பது

ஃபியஸ்டாவின் பழைய தந்த நிற மெருகிலும் யுரேனியம் உண்டு.

பச்சையாக ஒளிர்வதெல்லாம் யுரேனியம் என்பது

மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும்.

கருவி காட்டும் மைக்ரோசீவர்ட்டை (கதிர்வீச்சு அளவின் அலகு) அப்படியே ஏற்பது

பல சிறு கருவிகள் சீசியம்-137இன் காமா கதிருக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டவை. தட்டிலிருந்து பெரும்பாலும் வருவதோ பீட்டா என்ற வேறு வகைக் கதிர். எனவே தட்டை ஒட்டிப் பிடித்தால் எண் மிகையாகத் தோன்றும், சற்றுத் தள்ளினாலே வெகுவாகக் குறையும். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்த தட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உடைந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பது

கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும்.