நடுகல்லைக் கையால் பார்க்க வைப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வேடியப்பன் கோயில்களில் சாமியாக நிற்பது பழைய நடுகல்தான். மாடு மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல். தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. பார்வையற்ற ஒருவரை அங்கே கூட்டிப்போனால், விளக்கப் பலகையை வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவர் கைக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. இதை மாற்றுவது கஷ்டமில்லை.

முதலில் அனுமதி. அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியரை நேரில் பார்த்து, எத்தனை பேர், என்றைக்கு வருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். எந்தக் கல்லைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தயங்காமல் கேளுங்கள். பண்பாட்டு வாழ்விலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது, நடுகல்லைப் போலக் களிமண்ணில் ஒரு சிறிய மாதிரி. கல்லைத் தொட விடாவிட்டாலும் இது கைகொடுக்கும். தொட விட்டாலும் வேண்டும். ஆள் உயரக் கல்லில் கை மட்டும் ஓடினால் முழு உருவம் மனதில் சேராது. பானை செய்யும் களிமண்ணில் கொஞ்சம் மணலும், நறுக்கிய வைக்கோலும் கலந்து பிசையுங்கள், வெடிப்பு குறையும். ஒரு முழ உயரத்தில், இரண்டு விரல் கனத்தில் பலகையாகத் தட்டி, அதன்மேல் வீரனை ஒரு விரல் கனத்துக்குப் புடைப்பாக ஒட்டுங்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள், காலடியில் மாடு. நகைநட்டு, மடிப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நிறைய இருந்தால் விரல் குழம்பிவிடும். உடம்பில் தைத்த அம்புகளுக்கு ஈர்க்குச்சியை நறுக்கிச் செருகினேன், அது நன்றாக அமைந்தது. நிழலில்தான் காய வேண்டும்.

கூட்டிப்போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். "மூணு படி, ஏறணும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி முக்கியமான கட்டம். மோதிரம், வளையல் கழற்றி, கைகழுவித் துடைத்தபின் மாதிரியை மடியில் வையுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். விளிம்பைச் சுற்றி ஒருமுறை, பிறகு தலையிலிருந்து கால்வரை, அவர் போக்கில் தடவட்டும். அவர் விரலைப் பிடித்து "இதுதான் வில்" என்று வைக்க நமக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "பாருங்கள்" என்ற சொல்லுக்குக் கூசவும் வேண்டாம், அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

போன முறை ஒரு பையன் விரல் நெஞ்சில் வந்து நின்றது. ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினான். "மூணு அம்பு வாங்கியும் வில்ல விடலையாண்ணா?" என்றான். அத்தனை முறை அந்தக் கல்லைப் பார்த்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

அதன்பிறகுதான் கதை. யாருடைய மாடு, எந்த ஊர், எந்த அரசன் காலம் என்று வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருப்பதைச் சொல்லுங்கள். அதியமான் மறைந்தபின் அவன் நடுகல்லுக்குப் பீலி, அதாவது மயிலிறகு, சூட்டுவதை ஔவையார் பாடியதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி, நம் ஊர்க் கதையல்லவா. அதற்குப் பிறகு அனுமதித்த கல்லருகே போங்கள். மாதிரியில் தொட்ட வில்லை அவரே கல்லில் தேடட்டும்.

கிளம்பும்போது மாதிரியைச் சாக்கில் சுற்றி அருங்காட்சியகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து வருகிறவருக்கு உதவும்.