பாயிங்க் புதிய பதிப்பு: மேம்படுத்தலாமா, இருப்பதே போதுமா?

பாயிங்க் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையின் ஓரத்தில் அறிவிப்பு தோன்றியதும் கை தானாகவே அதை அழுத்தப் போகும். கொஞ்சம் பொறுங்கள். பாயிங்க் வழியாக நம் கணினியின் திறனை ஆய்வுகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வக் கணிப்பில் (வாலண்டியர் கம்ப்யூட்டிங்), நம் கணினியில் ஓடுவது ஏதோ ஓர் ஆய்வுக் குழு நம்பி அனுப்பிய கணக்கு. அது பாதியில் கெட்டால் வேறொருவரின் கணினி அதை முதலிலிருந்து செய்ய வேண்டும். இப்படிக் கணக்கு அனுப்பும் ஆய்வுத் திட்டங்கள் பல, ஒரே பணியை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. அங்கே உங்கள் பணி தொலைந்தால், தன் பங்கை முடித்துவிட்ட இன்னொருவரும் காத்திருக்க நேரும். ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாயிங்க்கை மேம்படுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் உங்களிடம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, இருந்தால் சேதமின்றி எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மாறப்போவது எது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2002-இல் தொடங்கிய பாயிங்க், மேற்பார்வை செய்யும் மென்பொருள் மட்டுமே. பணிகளை வாங்குவது, எப்போது எதை ஓட்டுவது என்று முடிவுசெய்வது, விடையைத் திருப்பி அனுப்புவது ஆகியவை அதன் பொறுப்பு. உண்மையான கணக்கைப் போடுபவை ஐன்ஸ்டைன்@ஹோம், ரொசெட்டா@ஹோம் போன்ற திட்டங்கள் தனியாக அனுப்பும் செயலிகள். அவை புதுப்பிக்கப்படும்போது தாமாகவே இறங்கிவிடும். பாயிங்க் மேஸ்திரி என்றால் அந்தச் செயலிகள்தாம் கொத்தனார்கள். மேஸ்திரியை மாற்றுவதால் கொத்தனாரின் கைவேகம் கூடிவிடாது.

புதியவர்கள் பலர் புதிய பதிப்பைப் போட்டால் கணக்கு வேகமாக நடக்கும், முடித்த வேலைக்குத் திட்டங்கள் தரும் மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடக்காது. வேகத்துக்காக மட்டும் மேம்படுத்த நினைத்திருந்தால் இங்கேயே நின்றுவிடலாம்.

படி 2: உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

பாயிங்க் மேனேஜரில் 'ஹெல்ப்' பட்டியலில் உள்ள 'அபௌட்' பகுதியைத் திறந்தால் மூன்று பகுதிகள் கொண்ட எண் தெரியும். நடு எண்ணைக் கவனியுங்கள். அது இரட்டைப்படை எண்ணாக இருந்தால் பொதுப் பயன்பாட்டுக்கான நிலையான வரிசை. ஒற்றைப்படையாக இருந்தால் சோதனை வரிசை என்பது பாயிங்க்கின் வழக்கம். தொடக்க நிலையில் இருப்பவர்கள் சோதனை வரிசையின் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: காரணம் இருக்கிறதா?

முடிவு இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். புதிய பதிப்பின் மாற்றக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். நான்கு காரணங்களை நான் ஏற்றுக்கொள்வேன்.

பாதுகாப்பும் சான்றிதழும் முதல் காரணம். இரவும் பகலும் இணையத்துடன் பேசும் மென்பொருள் இது. 2020 மே 30 அன்று, சர்வர்கள் நம்பகமானவையா என்று சரிபார்க்க உதவும் ஆட்டிரஸ்ட் என்ற வேர்ச்சான்றிதழ் காலாவதியானது. பழைய பாயிங்க் பதிப்புகள் தம்முடன் வைத்திருந்த சான்றிதழ்த் தொகுப்பு அதற்குத் தயாராக இல்லாததால், சில திட்டங்களின் சர்வர்களுடன் அவற்றால் இணைய முடியவில்லை. 2021 செப்டம்பர் 30 அன்று இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர்ச்சான்றிதழ் காலாவதியானபோதும் இதே தொல்லை வந்தது. முந்தைய நாள்வரை குறையின்றி ஓடிய மென்பொருள்தான், அதில் யாரும் கை வைக்கவும் இல்லை. ஓடுவதைத் தொடாதே என்ற விதி நல்ல விதிதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாற்றக் குறிப்பில் பாதுகாப்பு, சான்றிதழ் என்ற சொற்களைக் கண்டால் மேம்படுத்துங்கள்.

இரண்டாவது, நீங்கள் நேரடியாக அனுபவிக்கும் கோளாறு. உங்களைத் தொல்லைப்படுத்தும் அதே பிழை சரிசெய்யப்பட்டிருப்பதாகக் குறிப்பு சொன்னால் அது நல்ல காரணம். உங்களுக்கு வராத பிழைகள் பத்து திருத்தப்பட்டிருந்தாலும் அது உங்களுக்கான காரணம் ஆகாது. மூன்றாவது, புதிய இயங்குதளம் அல்லது புதிய கிராஃபிக்ஸ் கார்டு. பழைய பதிப்பு அதை அடையாளம் காணத் தவறலாம். நான்காவது, நீங்கள் சேர்ந்துள்ள திட்டமே குறைந்தபட்சப் பதிப்பு ஒன்றைக் கேட்பது.

நான்கில் ஒன்றும் பொருந்தவில்லையா? இருப்பதிலேயே இருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

படி 4: கையில் இருக்கும் பணிகளை முடியுங்கள்

மேம்படுத்துவது என்று முடிவாகிவிட்டால், அட்வான்ஸ்டு வியூவில் 'ப்ராஜெக்ட்ஸ்' பகுதிக்குச் சென்று ஒவ்வொரு திட்டத்துக்கும் 'நோ நியூ டாஸ்க்ஸ்' கொடுங்கள். புதிய பணி வருவது நின்று, இருப்பவை மட்டும் ஓடி முடியும். எல்லாம் முடிந்து விடைகளும் அனுப்பப்பட்ட பிறகு மேம்படுத்துவதே மிகப் பாதுகாப்பான வழி.

காலநிலைக் கணிப்புத் திட்டங்களின் பணிகள் வாரக்கணக்கில் ஓடக்கூடியவை என்பதால் எப்போதும் அப்படிக் காத்திருக்க முடியாது. அந்த நிலையில் பணியைத் தேர்ந்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். கடைசிச் சேமிப்புப் புள்ளிக்குப் பின் எவ்வளவு நேரம் கணக்கு ஓடியிருக்கிறது என்று அங்கே தெரியும். மீண்டும் தொடங்கும்போது அந்த அளவு வேலைதான் வீணாகும். அது சிறியதாக இருக்கும் நேரத்தில் நிறுத்துங்கள்.

படி 5: முழுதாக நிறுத்தி, நகலெடுங்கள்

சாளரத்தை மூடுவதால் பாயிங்க் நின்றுவிடாது. 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸிட்' கொடுத்து, ஓடும் பணிகளையும் நிறுத்தவா என்று கேட்கும் பெட்டியில் குறியிடுங்கள். அதன் பிறகே தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலில் கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். விண்டோஸில் இந்தக் கோப்புறை வழக்கமாக சி டிரைவின் மறைந்திருக்கும் 'புரோகிராம்டேட்டா'வுக்குள் இருக்கும். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் எடுத்து வையுங்கள்.

படி 6: நிறுவுங்கள்

அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். லினக்ஸ் பயனர்கள், முதலில் எந்தத் தொகுப்பகத்திலிருந்து நிறுவினார்களோ அதன் வழியாகவே புதுப்பிப்பது நல்லது. தரவுக் கோப்புறையின் இடத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் பாயிங்க் உங்கள் திட்டங்களையும் பணிகளையும் காணாமல் புதிதாகத் தொடங்கும்.

விண்டோஸில் 'சர்வீஸ் இன்ஸ்டால்' என்ற தேர்வு கண்ணில் பட்டால், கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கு ஓட்டுபவர்கள் அதைத் தொட வேண்டாம். அப்படி நிறுவினால் பாயிங்க்கால் அந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது. கிராஃபிக்ஸ் டிரைவர், சில திட்டங்களுக்குத் தேவைப்படும் மெய்நிகர் கணினி மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவற்றையும் அதே நாளில் மாற்றிவிடாதீர்கள். பிறகு ஏதாவது கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு.

படி 7: பதிவேட்டைப் படியுங்கள்

'டூல்ஸ்' பட்டியலில் 'ஈவென்ட் லாக்' திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். புதிய பதிப்பு எண், கண்டறியப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டு, உங்கள் திட்டங்களின் பெயர்கள் எல்லாம் இருக்க வேண்டும். பதிப்பு மாறியதும் பாயிங்க் உங்கள் கணினியின் சிபியு வேகத்தை அளந்து பார்ப்பதால் பணிகள் சிறிது நேரம் நின்றிருக்கும். அது கோளாறு இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் 'அலோ நியூ டாஸ்க்ஸ்' கொடுங்கள். ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு பணியாவது முடிந்து, சர்வர் அதைச் செல்லுபடியானது என்று ஏற்கும்வரை பழைய நிறுவல் கோப்பை அழிக்காதீர்கள்.

திரும்பிப் போக வேண்டி வந்தால்

புதிய பதிப்பை நீக்கிவிட்டுப் பழையதை நிறுவலாம். நீக்கும்போது தரவுக் கோப்புறை அப்படியே இருக்கும். எடுத்து வைத்த நகலை மீட்பது மட்டும் கடைசி வழியாக இருக்கட்டும். சர்வருடன் பேசும் ஒவ்வொரு முறையும் பாயிங்க் ஒரு வரிசை எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. பல நாள் பழைய நகலை மீட்டால் அந்த எண் பின்னோக்கிப் போய்விடும். சர்வர் இதை வேறொரு கணினி என்று கருதிப் புதிய அடையாள எண் கொடுத்துவிடக்கூடும். அதனால் நகலை மீட்பதென்றால், புதிய பதிப்பு சர்வருடன் பேசத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் பாயிங்க் ஓட்டுகிறீர்கள் என்றால், குறைவாக வேலை செய்யும் கணினியில் முதலில் மேம்படுத்துங்கள். அதில் சில பணிகள் ஏற்கப்பட்ட பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.