அரூப ஓவியப் பிரதி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டம் (ஃபிரேம்) போட என்னிடம் வரும் பிரதியைப் பார்த்தாலே வாங்கியவர் எங்கே தடுக்கினார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தொடக்கத்தில் நானும் தடுக்கிய இடம்தான். மங்கல் அச்சு, மட்டமான தாள் பற்றியெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

'மியூசியம் தரம்' என்றதும் நம்புவது

யார் வேண்டுமானாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். பிக்மென்ட் மையா (நிறமித் துகள் கலந்த மை), அமிலமில்லாத பருத்தித் தாளா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை.

சுவருக்காகப் படத்தை வெட்டுவது

அரூப ஓவியர் காண்டின்ஸ்கியின் 'காம்போசிஷன் 8' (1923) ஏறக்குறைய 140க்கு 201 செ.மீ. சோபாவுக்கு மேல் சதுரமாக வேண்டும் என்றால் வெட்டித் தந்துவிடுவார்கள். முகம் வெட்டுப்பட்டால் சண்டைக்குப் போவோம். வட்டமும் கோடும் போனால் கவனிப்பதே இல்லை.

வெயில் விழும் சுவர்

வேண்டாம்.

தாளைக் கண்ணாடியில் ஒட்டவிடுவது

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அருமையான தாள், அருமையான மை. நல்ல விலையும் கொடுத்திருந்தார்கள். சட்டத்தில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். "அண்ணே, உள்ளே தண்ணி பட்ட மாதிரி இருக்கு, தொடச்சுத் தர்றீங்களா?" என்றார் கணவர். எதைத் துடைப்பது? தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு மூலையை மெல்லத் தூக்கினேன். கருப்பு மை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. தாளில் வெள்ளையாக ஒரு திட்டு.

சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பகலில் சட்டத்துக்குள் புகுந்த ஈரம், இரவு ஏர்கானில் கண்ணாடி குளிரும்போது அதன் உட்புறம் படிகிறது. இடைவெளி இல்லாவிட்டால் நேரே தாளுக்குப் போகும். அப்புறம் பூஞ்சணம்.

படத்தைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்தால் அந்த இடைவெளி கிடைத்துவிடும். ஓரம்வரை படம் தெரிய வேண்டுமா, கண்ணாடியின் விளிம்பை ஒட்டி உள்ளே மெல்லிய கட்டை வைக்கச் சொல்லுங்கள். தாள் முழுவதும் பசை தடவி அட்டையில் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்; பிறகு பிரிக்க முடியாது. குளியலறைச் சுவரின் மறுபக்கம் மாட்டாதீர்கள். எங்கே மாட்டினாலும் சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு வையுங்கள், காற்று போய்வரட்டும்.

சட்டம் கைக்கு வந்ததும் கடையிலேயே பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சந்து தெரியாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.