கேப் டவுனில் ஜனவரி 2: ஊர்வலம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தாண்டு விடுமுறைக்கு டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் மறுகோடியான கேப் டவுனுக்கு உறவுக்காரர்கள் வந்தால், "அந்தக் குடை பிடித்து ஆடுகிற ஊர்வலத்துக்குக் கூட்டிப் போ" என்பார்கள். சந்தோஷமாகக் கூட்டிப் போவேன். ஆனால் கிளம்பும் முன் சிலவற்றைச் சொல்லிவிடுவேன்.

பெரிய தவறு, இதைச் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் வேடிக்கை என்று நினைப்பது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த அடிமைகளுக்குப் புத்தாண்டு அன்று எஜமானர் வீட்டில் வேலை இருக்கும், மறுநாள்தான் ஓய்வு. அந்த நாள்தான் ட்வீடெ நூவெ யார், அதாவது இரண்டாம் புத்தாண்டு. ஊர்வலம் அந்த ஓய்வு நாள் கொண்டாட்டத்திலிருந்து வந்ததுதான். 1834-ல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தாலும், பயிற்சி என்ற பெயரில் 1838 வரை வேலை வாங்கினார்கள். டச்சுக்காரர்கள் இங்கே கப்பலேற்றி வந்தவர்களில் இந்தோனேசியா, மடகாஸ்கர் மக்களோடு நம் சோழமண்டலக் கரை ஆட்களும் உண்டு. 1860-ல் நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்காக டர்பனில் வந்து இறங்குவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது இது. இதைத் தெரிந்துகொண்டு ஊர்வலத்தில் அடிக்கும் கூமா மேளத்தைக் கேளுங்கள், காதில் வேறு மாதிரி விழும்.

நகர மையத்தில் நடைபாதையோரம் கூடாரமும் நாற்காலியும் போட்டிருப்பார்கள். காலி இடம் என்று முன்னால் போய் நிற்காதீர்கள். முதல் வருடம் சித்தப்பா குடும்பத்தோடு நான் அப்படித்தான் நின்றேன். பின்னால் இருந்த பாட்டி முந்தின இரவே வந்து பேரக்குழந்தைகளோடு அங்கேயே படுத்திருந்தவர். நகர மையத்தை ஒட்டிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில் பிறந்தவராம். 1966-ல் அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றியது. வருடத்தில் ஒரு நாள் தன் பழைய ஊர்ப்பக்கம் வந்து உட்காருபவரின் கண்ணை நான் மறைத்துவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது. கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். பெரும்பாலும் அவர்களே நாற்காலி தருவார்கள்.

ஊர்வலத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கிறது, கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல். ஆடுபவர்களில் சிலர் தங்களையே அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு, ஆனால் விருந்தாளி வாயில் அது வரக் கூடாது. க்ளோப்ஸ், அதாவது ஆட்டக் குழுக்கள், என்றால் எல்லோருக்கும் புரியும்.

தேதியை உறுதி செய்யாமல் டிக்கெட் போடாதீர்கள். ஜனவரி 2 வெள்ளிக்கிழமையில் வந்தால் வேறு நாளுக்குத் தள்ளிப்போகலாம், பாதையும் சில வருடங்களில் மாறும். தெருக்களை அடைத்துவிடுவதால் காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். தென்கிழக்குக் காற்று அடித்தால் தொப்பி பறக்கும், கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஆளுக்கொரு காட்ஸ்பி வாங்குவது வீண். 1976-ல் கேப் டவுனின் அத்லோன் பகுதியில் ஒரு மீன் கடையில் பிறந்த இந்த நீள ரொட்டியை நான்காக வெட்டிப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். உள்ளே வினிகர் தெளித்த சிப்ஸ் இருக்கும். மசாலா ஸ்டேக் என்றால் மாட்டிறைச்சி, சமோசாவிலும் இருக்கலாம். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு டால்ச்சீஸ் இருக்கிறது, நம் பக்கோடாவேதான். போ-காப் முஸ்லிம்கள் வாழும் பகுதி, அங்கே பீர் பாட்டிலோடு போகாதீர்கள்.

கூசிஸ்டர் என்ற இனிப்பைக் கேட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். டச்சு வழி வெள்ளையரான ஆப்பிரிகானர் வீட்டுப் பண்டம் பின்னல் போட்டது, மொறுமொறுப்பாகப் பாகு வடியும். கேப் மலாய்க்காரர்கள் என்ற இங்குள்ள முஸ்லிம்களுடையது உருண்டையாக, மெத்தென்று, ஏலக்காயும் சோம்பும் மணக்க, மேலே தேங்காய்த் துருவலோடு வரும். அதுதான் நமக்குப் பிடிக்கும். ஊர்வல நாளில் கிடைக்காவிட்டால் ஞாயிறு காலை வாருங்கள், போ-காப்பில் வீட்டிலேயே சுட்டு விற்பார்கள்.