கோயில் காலியாகிறதென்றால் முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறங்கள்

கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஆள் குறைந்தால், பங்குப்பேரவைக் கூட்டத்தில் (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) முதலில் வரும் யோசனை பாடற்குழுவை மாற்றலாம், மைக் செட்டை மாற்றலாம் என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புலம்பெயர்ந்து வந்தவர்களின் பங்கில் கூட்டம் குறைவதற்கான காரணம் பல நேரம் கோயிலுக்கு வெளியே, வீட்டு வாடகையில் இருக்கிறது.

சிகாகோவின் பில்சன் பகுதியைப் பாருங்கள். செக் மக்கள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துக் குடியேறிய இடம் அது. அந்தக் காலத்தில் மொழிக்கொரு பங்கு என்பதால், செக் மக்களுக்குப் புனித புரொகோப்பியுஸ், ஜெர்மானியர்களுக்குப் புனித பவுல், போலந்துக்காரர்களுக்கு 1874இல் புனித அடால்பர்ட் என்று கூப்பிடு தூரத்தில் பல பங்குகள் எழுந்தன. அவர்களின் பிள்ளைகள் வசதி வந்து புறநகருக்குப் போக, மெக்சிகோ குடும்பங்கள் வந்து அதே பெஞ்சுகளை நிரப்பின. 2000க்குப் பிறகு வாடகை ஏறியதும் அவர்களிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பகுதியை விட்டே போனார்கள், 2019 ஜூலையில் புனித அடால்பர்ட் கோயிலில் கடைசிப் பூசை நடந்தது. விசுவாசம் குறைந்துவிட்டது என்று பழி போட்டால் இந்தக் கதை புரியவே புரியாது.

சரி, என்ன செய்வது? கடந்த பத்து வருட ஞானஸ்நானம், புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது) பதிவேடுகளை எடுத்து, முகவரிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பக்கத்துத் தெருவில் இருந்தும் வராதவர்கள் ஒரு வகை. சிசெரோ, பெர்வின் போன்ற சிகாகோ புறநகர்களுக்குத் தள்ளிப் போய்விட்டு திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு. தள்ளிப் போனவர்களை வாராவாரம் வரவில்லையே என்று குறை சொல்வதைவிட, மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் பூசை வைத்து, மறைக்கல்வியையும் சாப்பாட்டையும் அதே நாளில் சேர்த்துப் பாருங்கள். ஒரு பயணத்தில் எல்லாம் முடியும் என்றால் கார் எடுப்பார்கள்.

அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் அக்டோபர் ஞாயிறுகளில் தலை எண்ணுவார்கள். அந்த எண் மட்டும் போதாது. சாம்பல் புதன், குருத்து ஞாயிறு, மெக்சிகோ மக்கள் கொண்டாடும் குவாதலூப்பே அன்னையின் திருவிழாவான டிசம்பர் 12, இவற்றையும் எண்ணுங்கள். டிசம்பர் 12 விடியற்காலையில் நிற்க இடமில்லாத கோயில் அடுத்த ஞாயிறு வெறிச்சோடிக் கிடந்தால், பூசை நேரத்தையும் அவர்களின் வேலை ஷிப்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அலுவலகம். என்னைக் கேட்டால் அதிகம் பேரை இழப்பது இங்கேதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வரும் தாயிடம், "பங்கில் பதிந்திருக்கிறீர்களா, காணிக்கை உறை எண் என்ன" என்று கேட்டால் அவர் திரும்பி வரமாட்டார். மெக்சிகோவில் பங்கில் பெயர் பதிந்து உறை வாங்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது, அங்கே கோயிலுக்குப் போவதே பங்கைச் சேர்ந்திருப்பதுதான். வாரத்தில் இரண்டு மாலையாவது ஸ்பானிஷ் பேசும் ஒருவர் மேசையில் இருக்கட்டும். பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் நன்றித் திருப்பலியை மண்டபப் புக்கிங் மாதிரி நடத்தாதீர்கள். குடும்பம் முழுவதும், மாமன் மச்சான் உட்பட, கோயிலுக்குள் வரும் நாள் அது.

கோயிலுக்கு வராதவர்களிடம் கோயில் போகவேண்டும். பில்சன் பங்குகள் இதை அழகாகச் செய்திருக்கின்றன. 1976 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஒரு தீ விபத்தில் குழந்தைகள் இறந்த துயரத்துக்குப் பிறகு, 1977இல் தொடங்கிய உயிருள்ள சிலுவைப்பாதை, அதாவது இயேசுவின் பாடுகளை மக்களே நடித்துக் காட்டும் ஊர்வலம், பெரிய வெள்ளி தோறும் பதினெட்டாம் தெரு வழியாகப் போகிறது. வீடுகளில் கூடி வேதம் வாசிக்கும் சிறு குழுக்களும் அங்கே இருந்தன, நம் ஊர் அன்பியம் மாதிரிதான். அன்பியம் நடத்திப் பழகிய தமிழர் யாராவது அமெரிக்கப் பங்கில் இருந்தால் தயங்காமல் முன்வாருங்கள், அந்த அனுபவம் விலைமதிப்பில்லாதது. 1990இல் அந்தப் பங்குகள் சேர்ந்து, கட்டுப்படியாகும் வீடுகளுக்காக ஓர் அமைப்பையே தொடங்கின. வருகையைக் காக்க வீட்டைக் காக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று மொழி மாறும் பூசையை வாராவாரம் வைக்காதீர்கள், இரு தரப்புக்கும் ஜெபம் ஓடாது. தனித்தனிப் பூசை இருக்கட்டும், வருடத்தில் நான்கு திருவிழா பொதுவாக, ஒரே சமையலறையில். அந்தச் சமையலறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம். பழையவர்களிடம் மட்டும் இருந்தால் புதியவர்கள் விருந்தாளியாகவே நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது. அதிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

இன்னொன்று பயம். 2025 ஜனவரியில், வழிபாட்டு இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதற்கு இருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஆயர் (மறைமாவட்டத் தலைவர்), கைதுக்குப் பயந்தவர்களுக்கு ஞாயிறு கடமையிலிருந்து விலக்கே கொடுத்தார். இப்படிப்பட்ட நேரத்தில் கையில் தாளோடு வீடு வீடாகப் போகாதீர்கள். யாருடைய குடியுரிமை நிலையையும் கேட்காதீர்கள், எழுதியும் வைக்காதீர்கள். முன்பு சொன்ன வரைபடத்தில் பெயர் வேண்டாம், புள்ளி போதும். பயத்தால் கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு நன்மையை (நற்கருணையை) வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பங்கை மூடும் பேச்சு வந்தால், குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்காமல் ஆயர் மூட முடியாது, திருச்சபைச் சட்டம் 515. ஆணை கைக்கு வந்தபின் மறுபரிசீலனை கேட்டு அவருக்கு எழுதப் பத்து நாள்தான் அவகாசம். அந்தப் பத்து நாளில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினால் முடியாது, அதனால் வரைபடத்தையும் எண்ணிக்கைத் தாளையும் வரும் அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.