வேலை விளம்பரத்தில் பதவிப் பெயரை மூடிவிட்டுப் படியுங்கள்

போன வாரம் பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு மாமாக் உணவுக் கடையில் அக்கா மகள் போனை என்னிடம் நீட்டினாள். அனலிஸ்ட் புரோகிராமர், சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் என்று மூன்று விளம்பரங்கள். "மாமா, இதில எனக்கு எது?" என்றாள். பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கீழே உள்ளதை மட்டும் படிக்கச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏனென்றால் அந்த மூன்றும் வேறு வேறு காலத்துப் பெயர்கள். 1940களில் கம்ப்யூட்டர் என்பதே கணக்குப் போடும் ஆளின் பதவிப் பெயர். அமெரிக்காவில் எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினிக்கு முதன்முதலில் புரோகிராம் அமைத்த ஆறு பெண்களும் அந்த வேலையிலிருந்து வந்தவர்கள்தான். அடுத்த பத்தாண்டில் வேலையைக் கூறு போட்டார்கள். என்ன வேண்டும் என்று கேட்டு எழுத அனலிஸ்ட், படிகளை வரைந்து காட்ட புரோகிராமர், அதை இயந்திரக் கட்டளையாக்க கோடர், அதை இயந்திரம் படிக்கும் அட்டையில் துளையிட இன்னொருவர். 1957இல் ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழி வந்தது, கோடர் செய்ததைக் கம்பைலர் என்ற மொழிமாற்றும் மென்பொருளே செய்ய ஆரம்பித்தது, அந்த நாற்காலி மெல்லக் காலியானது. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்ற சொல் பரவியது 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாட்டுக்குப் பிறகு.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அனலிஸ்ட் புரோகிராமர் என்றால் பழைய இரண்டு நாற்காலிகளை ஒட்டிய வேலை: பயனர்களிடம் உட்கார்ந்து கேட்பது, குறிப்பு எழுதுவது, ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டத்தைப் பராமரிப்பது. கோலாலம்பூர் வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள் பக்கம் இந்தப் பெயரை இன்னும் பார்க்கலாம். பழைய பெயர் என்று ஒதுக்காதீர்கள், மனிதர்களிடம் பேசத் தெரிந்தவருக்கு அது நல்ல வேலை. பினாங்கில் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றால் கவனமாகப் படியுங்கள். 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து இது சிப் ஊர், அதனால் வெப்சைட்டே இல்லாமல் சிப் சோதனை இயந்திரத்துக்கு சி மொழியில் எழுதும் வேலையாகவும் இருக்கலாம்.

ஃபுல் ஸ்டாக் என்றால் எத்தனை பேர் வேலை ஒருவர் தலையில் என்று எண்ணுங்கள். திரை, சர்வர், டேட்டாபேஸ், அதற்கு மேல் 'டிப்ளாய்' (எழுதியதை சர்வரில் ஏற்றி ஓடவிடுவது), 'ஆன்-கால்' (கோளாறு வந்தால் இரவிலும் அழைப்புக்குப் பதில் சொல்வது) இருந்தால் நான்காவது ஆளும் நீங்கள்தான். முன்பு புரோகிராம் எழுதுகிறவர் ஒரு குழு, இரவில் சர்வரைப் பார்க்கிறவர் வேறு குழு. 2009இல் டெவ்ஆப்ஸ் என்ற பெயர் வந்து, இரண்டும் ஒன்றாகச் சேர ஆரம்பித்தன. மாதத்தில் எத்தனை இரவு, அதற்குத் தனி அலவன்ஸ் உண்டா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் உங்கள் ரெசுமே. பழைய பதவிப் பெயரை மாற்றி எழுதாதீர்கள், பழைய முதலாளியிடம் போன் போட்டால் தெரிந்துவிடும். நான் சிஸ்டம் அனலிஸ்ட் என்று மட்டும் போட்டு மாதக்கணக்கில் அழைப்பு வராமல் இருந்தேன்; பெயரை அப்படியே வைத்து, கீழே 'சம்பள சிஸ்டத்துக்கு எஸ்கியூஎல் எழுதினேன், மாத இறுதி ரிப்போர்ட்டைச் சரிசெய்தேன்' என்று இரண்டு வரி சேர்த்த பிறகுதான் போன் வந்தது.

அக்கா மகள் சிப் சோதனை வேலைக்கு மனு போட்டிருக்கிறாள். கல்லூரியில் சி மொழி அவளுக்குப் பிடித்த பாடம்.