"காடு விழுங்கிவிட்டது" என்று எழுதுமுன்: லத்தீன் அமெரிக்காவின் ஸ்பானிய மொழி இலக்கியத்தில் நிலத்தைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலம்பியாவின் ஹோசே எவுஸ்தாசியோ ரிவேரா 1924இல் வெளியிட்ட 'லா வொராஹினே' நாவல் ஒரு தந்தியோடு முடிகிறது. பிரேசிலின் மனாவுஸ் நகரத்திலிருந்த கொலம்பியத் தூதரக அதிகாரி தன் அமைச்சருக்கு அனுப்பிய தந்தி. கதைநாயகனையும் அவன் தோழர்களையும் ஐந்து மாதமாகத் தேடியும் தடயம் இல்லை, காடு அவர்களை விழுங்கிவிட்டது என்கிறது. இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு 'மனிதனைத் தின்னும் இயற்கை' என்று கட்டுரை எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த வரி ஓர் அரசு அலுவலரின் வாய்மொழி. அதற்கு முன்னுள்ள பக்கங்களில் ஆட்களைக் கொல்வதில் பெரும்பங்கு கணக்குப் புத்தகத்துக்கு.

கணக்கு ஓடும் விதத்தைக் கவனியுங்கள். அமேசான் காட்டில் ரப்பர் எடுக்கப் போகிறவனுக்கு உணவும் துணியும் கருவியும் முன்பணமாகத் தரப்படும். அவற்றின் விலையை எழுதுவது முதலாளி. அவன் சுமந்து வரும் ரப்பரின் எடையையும் விலையையும் எழுதுவதும் அதே முதலாளி. கடன் எப்படி அடையும்? அடையாத கடனோடு ஆளையே இன்னொருவருக்குக் கைமாற்றுவார்கள்; தகப்பன் செத்தால் மகன் தலையில் விழும். நாவலில் கிளெமென்தே சில்வா என்ற முதியவர், பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ஒருவரிடம் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுகிறார். பால் வெட்டித் தழும்பேறிய மரமும் சாட்டையடி பட்ட முதுகும் அடுத்தடுத்து கோடாக் கேமராவில் பதிவாகின்றன. இரண்டிலும் வடிந்தது ஒரே முதலாளிக்குத்தான். நாவல் முழுவதற்கும் திறவுகோல் இந்த இடமே என்பது எங்கள் கருத்து. அமேசானின் கிளையாறான புதுமாயோ பகுதியில் அரானா என்ற ரப்பர் நிறுவனம் பழங்குடி மக்களுக்குச் செய்த கொடுமையை பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் விசாரித்தார். அவர் அறிக்கை 1912இல் வெளியானது. ரிவேரா எழுதும்போது அது பழைய கதை ஆகியிருக்கவில்லை.

அதனால் குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு மரணத்துக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள்: அவர் யாருடைய கடனில் இருந்தார்? அங்கே ஏன் போனார்? திரும்பி வரவிடாமல் தடுத்தது யார்? மூன்றுக்கும் பதில் கிடைக்காத மரணங்களை மட்டும் காட்டின் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று: ரப்பர் என்றதும் கன்னியாகுமரியில் வரிசையாக நிற்கும் மரங்களை மனத்தில் கொண்டுவராதீர்கள். அமேசானில் அது காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற மரம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தாக வேண்டும். தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய மலாயா போன்ற நாடுகளின் தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்த பிறகுதான் அமேசான் ரப்பரின் விலை சரிந்தது.

மொழிபெயர்ப்பவர்கள் சறுக்கும் இடம் பருவங்கள். 'இன்வியேர்னோ' என்பதற்கு அகராதி குளிர்காலம் என்று பொருள் தரும். வெனிசுவேலா, கொலம்பியாவின் யானோஸ் சமவெளியில் அது மழைக்காலம்: ஏறக்குறைய மே முதல் நவம்பர் வரை, வெள்ளம் ஏறி மாடுகளை மேட்டுக்கு ஓட்டும் காலம். 'வெரானோ' அங்கே கோடை விடுமுறைக்காலம் அல்ல, நீர்நிலைகள் வற்றும் வறட்சிக்காலம். அதே 'இன்வியேர்னோ' புவெனோஸ் ஐரிஸில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான உண்மையான குளிர். லிமாவில் அது சூரியன் தெரியாத மூடுபனிக்காலம். ஆகவே முதலில் கதை நடக்கும் ஊரையும் மாதத்தையும் கண்டுபிடியுங்கள், அகராதியைப் பிறகு திறக்கலாம். 'பாம்பா'வும் அப்படித்தான்: அர்ஜென்டினாவில் புல்வெளி, வடக்குச் சிலேயில் வெடியுப்பு தோண்டிய பாலைவனம்.

வர்ணனையைக் கண்ணால் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்வதும் தவறு. 1845இல் சிலேயில் நாடு கடந்து வாழ்ந்தபடி 'ஃபக்குந்தோ' நூலை எழுதிய அர்ஜென்டின எழுத்தாளர் சர்மியெந்தோ, அப்போது புவெனோஸ் ஐரிஸ் பாம்பாவைப் பார்த்ததில்லை. பயண நூல்களைச் சார்ந்து எழுதினார். அந்தச் சமவெளி காட்டுமிராண்டித்தனத்தை விளைவிக்கிறது என்ற அவர் வாதத்தை நிலவியலாகப் படிக்கக் கூடாது. அது அரசியல்.

'மனிதக் கைபடாத காடு' என்ற சொற்றொடரையும் விட்டுவிடுங்கள். 1541-42இல் ஸ்பானியப் படைத்தலைவர் ஒரெயானாவோடு அமேசானில் இறங்கிவந்த பாதிரியார் கர்வஹால், கரையோரம் நெருக்கமான ஊர்களைக் கண்டதாக எழுதினார். நெடுங்காலம் அதை மிகைப்படுத்தல் என்றே ஒதுக்கினார்கள். ஈக்குவடோரின் உபானோ பள்ளத்தாக்கில் 6,000க்கு மேற்பட்ட மண்மேடைகளும் சாலைகளும் வயல்களும் இருந்தன என்பது 2024இல் வெளியான ஆய்வு. அங்கே குடியேற்றம் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. பிற்காலத்தார் பார்த்த 'ஆளில்லாக் காடு' பல இடங்களில் அம்மையும் பிற தொற்றுகளும் ஊரைக் காலி செய்த பிறகு வளர்ந்த காடு. இதன் மறுபக்கத் தவறும் உண்டு: பழங்குடிகள் எதையும் மாற்றாமல் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்பது. மேடை கட்டியவர்களின் உழைப்பையும் அறிவையும் அது அழித்துவிடுகிறது.

பொலிவியாவின் வெள்ளிச் சுரங்க நகரமான பொதோசியைப் பற்றி எழுதுவோர் வெள்ளி மலையோடு நின்றுவிடுகிறார்கள். தாதுவை இடிக்கும் ஆலைகளை ஓட்ட நீர் வேண்டும். சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் அதற்காக ஏரிகள் கட்டினார்கள். 1626இல் சான் இல்தெஃபோன்சோ அணை உடைந்து ஆலைகளையும் ஆட்களையும் அடித்துச் சென்றது. வெள்ளியைப் பிரிக்கும் பாதரசம் 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பெருவின் உவாங்காவெலிகாவில் தோண்டப்பட்டது. இந்த மூன்று இடங்களும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும்.

வறண்ட நிலத்தைக் கண்டதும் அதை மனத்தின் வெறுமைக்குக் குறியீடு ஆக்கிவிடுவது கடைசித் தவறு. 1953இல் வந்த, மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் சிறுகதைத் தொகுப்பிலுள்ள ஒரு கதையில், நிலச்சீர்திருத்தத்தில் கிடைத்த நிலத்தில் நால்வர் விடியலிலிருந்து நடக்கிறார்கள். கறுத்த மேகத்திலிருந்து ஒரே ஒரு துளி விழுகிறது, மண்ணில் ஒரு குழி விழுகிறது, அவ்வளவுதான். அவர்கள் கேட்டது ஆற்றோரத்து நிலம். கொடுக்கப்பட்டது கலப்பை இறங்காத கட்டாந்தரை. முறையிட்டால், எழுத்தில் கொடுங்கள் என்கிறார் அரசுப் பிரதிநிதி. இந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு தாளில் ஆற்றை வரைந்து, யார் நிலம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.